யோக்கியமில்லாத நடுவர்

பெரம்பலூருக்கு வெளியே, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே நின்ற ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் இயற்பியல் கற்பித்தேன். துறையில் இருந்தது இரண்டே பேர். நானும் இன்னொரு ஆசிரியரும். பெயர் வேண்டாம், அவர் என்றே சொல்கிறேன். எங்கள் மேசைகள் எதிரெதிரே கிடந்தன. நடுவில் இரும்பு அலமாரியை இழுத்துப் போட்டால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்கலாம் என்று, அட்டெண்டரிடம் சொல்லி ஒருநாள் அதை நகர்த்த வைத்தேன். மறுநாள் காலையில் அலமாரி பழைய இடத்துக்கே போயிருந்தது. வெளிச்சத்தை மறைக்கிறதாம், சார் நகர்த்தச் சொன்னாராம். அன்று முழுக்க வகுப்புக்கும் நூலகத்துக்குமாக அலைந்து பொழுதைக் கழித்தேன்.

இந்தப் பகை எப்போது தொடங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். திருச்சியில் ஒரே பேராசிரியையிடம் நாங்கள் இருவரும் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த ஆண்டு அது. நுழைவுத் தேர்வு முடிவு வந்த அன்று, மற்ற துறைக்காரர்களும் ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது, அவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"மேடத்துக்கு என்ன, அப்ளை பண்ணாலே கெடச்சிரும். நாமதான் படிச்சு வாங்கணும்."

செந்துறைக்குப் பக்கத்துக் கிராமம் என்னுடையது. அடுத்தவர் காட்டில் கடலைக்குக் களை வெட்டித்தான் என் அம்மா என்னைப் படிக்கவைத்தாள். அவர் குடும்பத்துக்குக் கீழப்பழுவூர்ப் பக்கம் நஞ்சையும் புஞ்சையும் உண்டு. அவர் சொன்னதற்கு என்ன பொருள் என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் ஃபோனைப் பார்த்தார்கள். அதே தேர்வில் நான் அவரைவிட அதிக மதிப்பெண் எடுத்திருந்தேன். அதைச் சொன்னேன். "அப்படியா" என்றார், டீயைக் குடித்தார். அதன் பிறகு டைம்டேபிளைத் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு. என் ஆய்வுத் தலைப்பைப் பற்றி நாங்கள் ஓயாமல் சண்டை போட்டோம்.

நான் எடுத்திருந்தது குவாண்டம் ஆட்டக் கோட்பாடு. நான் செய்வதன் பலன் நீ செய்வதைப் பொறுத்து மாறினால் அந்த நிலைமைக்கு ஆட்டம் என்று பெயர். அதில் எல்லோரும் முதலில் படிப்பது இரண்டு கைதிகளின் கதை. இருவரையும் தனித்தனி அறையில் வைத்து விசாரிக்கிறார்கள். இருவரும் வாயைத் திறக்காவிட்டால் இருவருக்கும் சின்னத் தண்டனை. ஒருவன் மட்டும் மற்றவனைக் காட்டிக்கொடுத்தால், காட்டிக்கொடுத்தவன் வீட்டுக்குப் போகலாம். மற்றவன் நெடுங்காலம் உள்ளே கிடக்க வேண்டும். இருவரும் காட்டிக்கொடுத்தால் இருவருக்கும் அதைவிடச் சற்றே குறைந்த தண்டனை. அடுத்த அறையில் இருப்பவன் என்ன செய்தாலும் காட்டிக்கொடுப்பதுதான் தனக்கு நல்லது என்று இருவரும் யோசிப்பார்கள். அப்படி யோசித்தே இருவரும் மாட்டிக்கொள்வார்கள்.

குவாண்டம் ஆட்டத்தில் ஒரு நடுவர் வருகிறார். அவர் இரண்டு துகள்களைப் பின்னிப்பிணைந்த நிலையில் தயாரித்து ஆளுக்கொன்று கொடுக்கிறார். அப்படிப் பின்னிய துகள்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து அதன் நிலை இதுதான் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு தூரம் பிரித்துவைத்தாலும் இரண்டும் சேர்ந்துதான் ஒரு நிலை. ஆடுபவர்கள் பேசிக்கொள்ள வழியில்லை. தன் கையில் இருக்கும் துகளை மட்டும் அவரவர் விருப்பப்படி திருப்பலாம். பிறகு நடுவர் இரண்டையும் திரும்ப வாங்கி, பின்னலை அவிழ்த்து, அளந்து பார்த்து முடிவைச் சொல்வார். மௌனம், காட்டிக்கொடுத்தல் ஆகிய இரண்டையும் தாண்டி இந்த ஆட்டத்தில் மூன்றாவதாக ஒரு திருப்பம் உண்டு. இருவரும் அதை ஆடினால், இருவரும் மௌனமாக இருந்த நல்ல பலன் இருவருக்கும் கிடைக்கும். ஒருவன் மட்டும் அதிலிருந்து விலகிக் காட்டிக்கொடுக்கப் பார்த்தால் அடி அவனுக்கே விழும். ஒருவரை ஒருவர் நம்பத் தேவையில்லை. பின்னல் இருந்தால் போதும்.

மனிதர்களை நம்பாமல் நல்ல முடிவுக்கு வரலாம் என்று சொல்லும் கணக்கு என்னை ஏன் இழுத்தது என்று சொல்ல வேண்டுமா. நான் வேலை பார்த்த இடம் அப்படி.

அவர் ஆய்வு, குவாண்டம் நிலைகள் வெளிக் குழப்பத்தால் எப்படிக் கெடுகின்றன என்பது பற்றியது. அதனால் என்னை எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "நீங்க பழைய கணக்கத் தீக்கல மேடம். கணக்கையே மாத்தி எழுதிட்டு விடை வந்துடுச்சுங்கறீங்க" என்பார். ஆடுபவர்களுக்கு எல்லாவிதத் திருப்பங்களையும் அனுமதித்தால் எந்தத் திருப்பத்துக்கும் ஓர் எதிர்த்திருப்பம் கிடைத்துவிடும், யாரும் விலக விரும்பாத என் சமநிலை அங்கேயே சரிந்துவிடும் என்பார். இவை உலகத்தில் பலரும் எழுப்பிய கேள்விகள்தான், அவற்றுக்கு என்னிடம் பதில் இருந்தது. ஒரு சனிக்கிழமை திருச்சியில், எங்கள் பேராசிரியையின் முன்னால், மற்ற ஆய்வாளர்களும் இருக்கும்போது, அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வேறொன்று கேட்டார்.

"எல்லாஞ் சரி. அந்த நடுவர் யோக்கியன்னு யாரு சொன்னா? பின்னாத துகளக் குடுத்துட்டு, பின்னியிருக்குன்னு ஒருத்தர்கிட்ட மட்டும் பொய் சொன்னா? அவங்க அந்த மூணாவது திருப்பத்த நம்பி ஆடுவாங்க. இன்னொருத்தன் காட்டிக்குடுத்துட்டுப் போயிட்டே இருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியை மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். என் கணக்கில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பஸ்ஸில் அரியலூர் வரும்வரை எனக்கு உடம்பு எரிந்தது.

அடுத்த பருவத்தில் கல்லூரிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து இன்ஸ்பெக்ஷன் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் இருக்க வேண்டிய கருவிகளில் பாதிகூடக் கிடையாது. அன்று காலை, அதே நிர்வாகத்தின் பாலிடெக்னிக்கிலிருந்து ஒரு வேனில் ஸ்பெக்ட்ரோமீட்டர்களும் லேசர்களும் நுண்ணோக்கிகளும் வந்து இறங்கின. எல்லாவற்றின் அடியிலும் அந்தப் பாலிடெக்னிக்கின் பெயர் ஒட்டியிருந்தது. குழு வருவதற்குள் அந்த ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுக்கச் சொல்லி எங்கள் இருவர் கையிலும் பிளேடைக் கொடுத்தார்கள். நாங்கள் ஆய்வகத்தின் இரண்டு கோடிகளில் உட்கார்ந்து சுரண்டினோம். நான் கை கழுவப் போய்த் திரும்பி வந்தபோது, அவர் இன்னும் சுரண்டாத கருவிகளைக் கவிழ்த்து வைத்து ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் என் கோடிக்குப் போய்ப் பிளேடை எடுத்தேன்.

சில வாரங்களில் பல்கலைக்கழகத்துக்குப் புகார் போயிருந்தது, படங்களோடு. அனுப்பியவர் பெயர் இல்லை. படத்தில் இருந்தது எங்கள் ஆய்வகத்தின் மேசை. அந்தக் காலையில் அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாளாளர் கூப்பிட்டனுப்பினார். என் சக ஆசிரியரை அக்கவுண்ட்ஸ் அறையில் உட்காரவைத்துவிட்டு முதலில் என்னை உள்ளே அழைத்தார்கள். தாளாளர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நிற்கவைத்தே பேசினார்.

"ஒண்ணு நீ. இல்ல அவன். அவன்கிட்ட காலையிலயே பேசிட்டேன். உன்னத்தான் சொல்றான்."

அவர் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான் என்று முதலில் தோன்றியது. அடுத்த நொடி, தாளாளர் பொய் சொல்லக்கூடியவர் என்பதும் தோன்றியது. இரண்டையும் நம்பக் காரணம் இருந்தது.

"அவன்தான்னு ஒரு வார்த்த சொல்லு. அவன இன்னைக்கே அனுப்பிட்டு உன்ன ஹெச்.ஓ.டி. ஆக்குறேன். சொல்லலன்னா ரெண்டு பேருக்கும் இங்க எடமில்ல."

பிறகு தாளாளர் குரலை உயர்த்தாமல் சொன்னார். "உங்க தெருவுலேர்ந்து வந்து ப்ரொபசர்னு போர்டு மாட்டிட்டு ஒக்காந்திருக்க. யாரால? அத நெனச்சுப் பாத்துப் பேசு."

பின்னாளில் இந்தக் கதையைக் கேட்ட சிலர், அப்போது உங்கள் ஆட்டக் கோட்பாடு நினைவுக்கு வந்ததா என்று ஆசையோடு கேட்டிருக்கிறார்கள். வரவில்லை. எந்தச் சமன்பாடும் வரவில்லை. அடுத்த அறையில் இருந்தவரைக் காப்பாற்ற வேண்டும் என்றும் தோன்றவில்லை. அவர் வேலை போனால் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது என்பது உறுதி. இந்த ஆளின் கையில் நான் ஒரு துரும்பைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க சார்" என்றேன். அவர் வேறு மாதிரியாகவெல்லாம் கேட்டுப் பார்த்தார். கடைசிவரை அதையே சொன்னேன்.

வெளியே வந்தபோது அக்கவுண்ட்ஸ் அறையில் இருந்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். வாசலில் எதிரெதிரே கடந்தோம். அவர் முகத்தில் என் மேல் இருந்த வெறுப்பு பச்சையாகத் தெரிந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

புகாரை நிர்வாகம் எப்படியோ சமாளித்து மூடிவிட்டது. எங்கள் இருவரையும் உடனே நீக்கவில்லை. நீக்கினால் வெளியே போய்ப் பேசுவோம் என்று யாரோ அறிவுரை சொல்லியிருக்க வேண்டும். அவரைப் பாலிடெக்னிக்குக்கு மாற்றினார்கள். என்னை அட்மிஷன் வேலைக்குப் போட்டார்கள். ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடு வீடாகப் போய், எங்கள் கல்லூரியில் சேருங்கள் என்று கெஞ்சும் வேலை. பூலாம்பாடி, செந்துறை என்று கத்திரி வெயிலில் வேனில் ஏற்றி இறக்கினார்கள்.

செந்துறைப் பக்கம் ஒரு வீட்டில், கையில் சுண்ணாம்பு பட்டு வெந்துபோன தழும்போடு ஒரு அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். என் அம்மாவை அவருக்குத் தெரியும், ஒரே காட்டில் வேலை பார்த்திருக்கிறார்கள். நோட்டீஸை வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ நம்ம புள்ள. நீயே சொல்லு, சேக்கலாமா?"

"வேணாங்க. அங்க லேப் இல்ல" என்றேன்.

கூட வந்த அலுவலக ஊழியர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கல்லூரிக்குப் போனதும் கேட்பார்கள் என்று தெரிந்ததால், அவர்கள் கேட்பதற்கு முன் நானே ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன்.

வேலைக்குச் சேரும்போது என் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துத் தனியார் கல்லூரிகள் பலவற்றில் நடப்பதுதான். திரும்பக் கேட்டபோது, தாளாளர் ஊரில் இல்லை, சாவி இல்லை, அடுத்த வாரம் வா என்று இழுத்தடித்தார்கள். பலமுறை போய்ப் பார்த்தேன். கடைசியில் என் அண்ணனிடம் சொன்னேன். அவன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். ஒன்றும் கேட்கவில்லை, சரி என்றான்.

மறுநாள் காலை, கல்லூரிப் பஸ்கள் வரிசையாக வரும் நேரத்தில், கல் ஏற்றிய லாரியைக் கொண்டுபோய் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தினான். வாட்ச்மேன் ஓடி வந்தார். "வண்டி ஸ்டார்ட் ஆவலங்க" என்றான். மெக்கானிக் எப்போது வருவார் என்று கேட்டார்கள். "என் தங்கச்சி சர்டிபிகேட் வந்தா அவரும் வந்துருவாருங்க." பஸ்கள் நெடுஞ்சாலை வரைக்கும் நின்றன. பிள்ளைகள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். வெயில் ஏறுவதற்குள் ஒரு பழுப்பு உறை கேட்டுக்கு வந்து சேர்ந்தது. லாரியில் கூட வந்திருந்த நான் அதைப் பிரித்து எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத் தலையசைத்தேன். லாரி உடனே ஸ்டார்ட் ஆனது.

அதன் பிறகு அரியலூரில் ஒரு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தேன். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை அங்கே இருந்துதான் எழுதினேன். நடுவர் யோக்கியமில்லாதவராக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்த அத்தியாயம். துகள்களைப் பின்னும் இடத்திலேயே கோளாறு இருந்தால் பின்னலின் பலன் எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டேன். கோளாறு ஓர் எல்லையைத் தாண்டினால், பின்னலை நம்பி ஆடுபவர்கள் பழைய முறையில் ஆடுபவர்களைவிட மோசமாகத் தோற்றார்கள். எனக்குப் பிடிக்காத முடிவு. ஆனால் எத்தனை முறை போட்டாலும் அதுதான் வந்தது. பேராசிரியை படித்துவிட்டு, இந்தக் கேள்வியை முதலில் கேட்டவருக்கு நன்றிப் பக்கத்தில் ஒரு வரி எழுது என்றார். முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

திருச்சியில் என் பொது வாய்மொழித் தேர்வு நடந்தபோது அவர் வந்திருந்தார். யாரும் அழைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் வந்து நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் அம்மா கடைசி வரிசையில், புதுப் புடவையில். நான் பேசி முடித்ததும் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கடைசி அத்தியாயம்தான் இதில் உயிரானது, இந்தக் கேள்வி உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அங்கே பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடு வரிசையைக் காட்டி, அவர் கேட்டது, உதவுவதற்காகக் கேட்கவில்லை, என்னை மட்டம் தட்டக் கேட்டார், ஆனால் கேள்வி சரியானது என்றேன்.

பார்வையாளர்கள் கேட்கலாம் என்றதும் அவர்தான் முதலில் எழுந்தார். விட்டுவைக்கவில்லை. கோளாறுக்கு நான் வைத்த கணித மாதிரி மிக எளியது, நிஜக் கருவியில் கோளாறு இப்படி ஒழுங்காக வராது என்றார். அதை ஒப்புக்கொண்டேன். நடுவர் யோக்கியமில்லாதவர் என்று இருவருக்குமே தெரிந்திருந்தால் என்ன செய்வார்கள், அதை நீங்கள் ஆராயவே இல்லை என்றார். அப்போது மூன்றாவது திருப்பத்தைத் தொடக் கூடாது, பின்னல் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும் என்றேன். அப்படியானால் இத்தனை அத்தியாயமும் வீண்தானே என்றார். அந்த நடுவரிடம் வீண்தான், வேறு நடுவரிடம் இல்லை என்றேன். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் தேர்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்த பிறகு, வராந்தாவில் அவர் தனியாக நின்றார். நான் போய் எதிரே நின்றேன்.

"ஃபோட்டோ எடுத்தது நீங்கன்னு அந்தாளுகிட்ட நான் சொல்லல."

"தெரியும்" என்றார். "ஆனா அன்னைக்கு, நீங்க சொல்லிட்டீங்கன்னுதான் நெனச்சேன். அவரும் அப்படித்தான் சொன்னாரு."

"எங்கிட்டயும் அதையேதான் சொன்னாரு. நீங்க நம்புனீங்கல்ல?"

"நம்புனேன்."

"அப்புறம் ஏன் எம் பேர சொல்லல?"

"லேப்ல ஸ்பெக்ட்ரோமீட்டரே இல்லாம இத்தன வருஷம் கிளாஸ் எடுத்தேன். இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் அது வேன்ல வந்துட்டுப் போவுது. பொறுக்காமத்தான் அனுப்புனேன். அத அனுப்பிட்டு, நீங்கதான் அனுப்புனீங்கன்னு எப்படிச் சொல்றது. உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க."

"நானும் உங்களுக்காக இல்ல."

"பின்னல் கின்னல்னு இதப் போய் எங்கயும் எழுதிடாதீங்க மேடம். அந்தாள ரெண்டு பேருக்கும் புடிக்கல. அவ்வளவுதான்."

அதுதான் உண்மை என்றேன். அவர் சொன்ன ஒன்றை நான் மறுக்காமல் விட்டது அன்றுதான்.

அந்த நேரத்தில் அம்மா வந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கவென்று லட்டும் மிக்சரும் போட்ட பொட்டலங்கள் நாங்கள் வீட்டிலேயே செய்து கொண்டுவந்திருந்தோம். ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டி, "சாப்புடுங்க தம்பி" என்றாள். அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். எனக்கு ஒரு தலையசைப்பு. நடந்து போகிற வழியில் வராந்தாவின் ஜன்னல் திட்டில் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டு, படியில் இறங்கிப் போய்விட்டார்.

அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"யாரு அந்தாளு? உள்ள உன்னப் போட்டு அந்த வாங்கு வாங்குனானே."

"கூட வேல பாத்தவரு."

"ம்" என்றாள். போய்ப் பொட்டலத்தை எடுத்து முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அரியலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அதைப் பிரித்து, லட்டைப் பாதியாகப் பிட்டு என்னிடம் நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். முழுவதையும் அவளே நிதானமாகச் சாப்பிட்டாள்.